டார்கெட் அண்ணன் ஓய்வெடுத்த கதை

ஓய்வெடுப்பதற்காக டார்கெட் அண்ணனைப் போல் பாடுபட்ட மனிதரைப் பினாங்குத் தீவு இதுவரை கண்டதில்லை. இனியும் காணாமல் இருந்தால் தீவுக்கு நல்லது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவர் எனக்கு மேலாளர். யாராவது "குட் மார்னிங்" சொன்னால்கூட, "இன்னிக்கு டார்கெட் என்ன?" என்றுதான் பதில் வரும். பெயர் அப்படி வந்தது. ஒருநாள் மீட்டிங் நடுவே கை நடுங்கி, பேச்சு நின்று, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமே வேலையை விட்டார். பிரிவு உபசாரத்தில், "இனிமே நான் மெதுவா வாழப் போறேன்" என்று அறிவித்தார். அறிவித்த கையோடு, கேக் வெட்ட இவ்வளவு நேரமா என்று எங்களைக் கோபித்துக்கொண்டார்.

மெதுவான வாழ்க்கை ஆயர் ஈத்தாமில் தொடங்கியது. அவருடைய ஃபிளாட்டுக்குக் கீழே சீன ஆன்ட்டிகள் சிலர் காலையில் தாய்ச்சி பயிற்சியில் கைகளைக் காற்றில் மிதக்கவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்துகொண்டார். சீக்கிரமே அவர்களை வரிசையில் நிறுத்தி, யாருடைய மூச்சு குட்டையாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஆன்ட்டிகள் அடுத்த ஃபிளாட்டுக்கு இடம் மாறிவிட்டார்கள்.

"கமிட்மென்ட் இல்லாதவங்க தம்பி," என்றார் என்னிடம்.

சூலியா தெருவில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். மாவை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்த கடைக்காரரை அண்ணன் சற்று நேரம் வருத்தத்தோடு பார்த்தார்.

"ஏன் பாய், ரொட்டிய இந்த அடி அடிக்கிறீங்க? மெதுவா, அன்பா பண்ணுங்களேன்."

"அன்பா பண்ணா ரொட்டி வராதுண்ணே, மாவுதான் வரும். ஆளுங்க நிக்கிறாங்க. நீங்க போய் உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார். "தே தாரிக் எங்க? ஒரு டீக்கு எவ்வளவு நேரம் லா!"

அண்ணியின் நிலைமை இன்னும் மோசம். "முன்னெல்லாம் ராத்திரி மட்டும்தான் தம்பி இவரு தொல்ல. இப்ப ஃபுல் டைம் லா. அரிசி களையுறப்ப மனசு அரிசியிலதான் இருக்கான்னு பின்னால வந்து நின்னு கேக்குறாரு."

இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் போன ஆண்டு வந்தது வினை. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. விருப்பப்பட்டுப் போகிறவர்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய எனக்குப் போகவும் பயம், இருக்கவும் பயம். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆனால் நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவிக்கு இன்னொரு முறை காட்டிவிட்டுத்தான் படுப்பேன். கிளினிக் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு. நீங்கதான் சரியில்ல," என்றார்.

அண்ணனிடம் யோசனை கேட்டேன். "விட்டுடு தம்பி! யோசிக்காத! இதெல்லாம் மெதுவா பண்ற காரியமா?" என்றார். கெடுவுக்கு முதல் நாள் வியாழக்கிழமை என்னை லீவு போடவைத்து, மெதுவான வாழ்க்கைக்கு ஒத்திகையாகக் கொடிமலைப் பாதையில் ஏற்றினார்.

"இலையப் பாரு. ஏன் இலையப் பாக்காம வர்ற? அடுத்த திருப்பத்துக்குள்ள மனசு காலியாகணும்."

மலையேறுகிறவர்களுக்கு இலவசத் தேநீர் வைத்திருக்கும் குடிசையை நெருங்கும்போது காலியானது மனசு அல்ல, மூச்சு. நெஞ்சு தடதடத்தது. விரல் மரத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, எனக்கு ஹார்ட் அட்டாக்."

"இப்பவா?" என்றார், ஏதோ நான் அதை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுபோல்.

ஆன்ட்டிகளையே விரட்டி விரட்டி மூச்சு கற்றுக்கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. "மூச்ச உள்ள... இல்ல, வெளிய... மொதல்ல எது தம்பி?" என்று என்னையே கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியாத குடிசைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் சூடாகத் தேநீர் கொடுத்தார்.

பாதிக் கோப்பை இறங்கியபோது நான் சாகவில்லை என்பது எங்களுக்கு உறுதியானது.

"எனக்கு திங்கக்கெழம காலையில இப்படித்தான் ஆவுது," என்றார் அண்ணன், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"இன்னுமா?"

"இன்னும்தான்."

"என்னண்ணே பண்ணுவீங்க?"

"ஆபீஸ் சட்டையப் போட்டுக்கிட்டு, காடிய ஓட்டிக்கிட்டு கிரீன் லேன் ரோட்டு ஜாம்ல போய் உக்காந்துருவேன். சுத்தி எல்லாரும் ஹார்ன் அடிச்சாதான் நெஞ்சு அடங்குது. ஃபேக்டரி கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். உங்க அண்ணிகிட்ட பசாருக்குப் போறேன்னு சொல்லுவேன்."

"நம்புறாங்களா?"

"கீரை வாங்கிட்டுத்தான போறேன்."

சிரிக்க எனக்கு மூச்சு போதவில்லை. "அப்ப நான் வேலைய விடணுமா, வேணாமா?"

அண்ணன் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். "தெரியல தம்பி," என்றார். அந்த வார்த்தையை டார்கெட் அண்ணன் வாயில் அன்றுதான் கேட்டேன். "விட்டாலும் இது கூடவே வருது. தனியா இருந்தா இன்னும் ஜாஸ்தி."

வெள்ளிக்கிழமை, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பயம் கூடவே வருமென்றால், சம்பளம் வாங்கிக்கொண்டே பயப்படலாமே என்றுதான்.

இப்போது திங்கட்கிழமைகளில் அண்ணன் தன் காடியை எடுப்பதில்லை. என் காடியில் ஏறிக்கொள்கிறார். குறுக்கே புகும் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, "மெதுவா போ லா!" என்று கத்துவார். பச்சை விளக்கு விழுந்ததும், "என்ன தூங்குறியா?" என்று என்னிடம் கத்துவார். கேட் வந்ததும் இறங்கி, பஸ்ஸில் வீடு திரும்புவதாகச் சொல்லி எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நிற்பார்.

கேட்டில் வரிசை நகரும்வரை காடிக் கண்ணாடியில் அவரைப் பார்ப்பேன். பஸ் வரும், நிற்கும், போகும். என் காடி உள்ளே திரும்பி மறைகிறவரை அவர் எதிலும் ஏறுவதில்லை.