ஓட்டுக் கூரையை நாலே நிமிஷத்தில் கொடுத்த தம்பிக்கு

மல்லேஸ்வரம்,
சித்திரை 9, புதன்கிழமை.

சிரஞ்சீவி தம்பி பத்ரிநாராயணனுக்கு, தமையன் சீனிவாசராகவன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மன்னி மங்கையும் பெருமாள் கிருபையில் சௌக்கியம். அங்கு, அதாவது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், நீ சௌக்கியமாக இருப்பதை உன் குக்கர் விசிலை வைத்து அனுமானித்துக்கொள்கிறேன். உன் ஆத்துக்காரி ஸ்ரீரஞ்சனி பேரனைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை அஷ்வத்திடம் கனடாவுக்குப் போனதிலிருந்து மூன்று விசில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ஒரு விசிலில் பருப்பு வேகாது. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அளவில் வித்தியாசம் இருப்பதைக் குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

பத்தடி தூரத்துக்கு ஸ்பீட் போஸ்ட் எதற்கு என்று தபால்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். நாம் பேசிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பாகப்பிரிவினை ஆனபின் நீ எழுப்பிய நடுச்சுவர் ஒன்றரை அங்குலம் என் பக்கம் வந்திருப்பதை டேப் பிடித்து அளந்து உனக்கு எழுத்துமூலம் தெரிவித்தேன். எடை அளவு இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவன், தம்பி கட்டின சுவர் என்று அளக்காமல் விட முடியுமா? அன்று உன் வாசல்படி இறங்கினவன் இன்றுவரை ஏறவில்லை. ஆனால் இப்போது ஏறச் சொல்லி ஒரு காகிதம் வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமைக்குள் நான் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் கரண்ட் ஆபீஸில் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்கிறான் சோலார்க்கார ரங்கா. ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன்: உன் ஓட்டுக் கூரையை எனக்கு எதற்காகக் கொடுக்கிறாய்?

ஆதியிலிருந்து சொல்கிறேன். போன ஆவணியில் எங்காத்து கரண்ட் மீட்டர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சிவப்பு விளக்கு ஒரே ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. சர்வீஸில் எத்தனையோ மளிகைக்கடைத் தராசு என்னைப் பார்த்து இப்படிச் சிமிட்டியிருக்கிறது. இனி நம்ம கரண்டை நாமே பண்ணிக்கொள்வது என்று அன்றே முடிவு பண்ணினேன். அளவில் கை வைக்காத வியாபாரி எனக்குத் தெரிந்து சூரியன் ஒருத்தன்தான்.

ரங்காவை நீ பார்த்திருக்கிறாய். ஹாசன் பக்கத்துக்காரன், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவான். பேனலின் நீள அகலம் காகிதத்தில் என்ன போட்டிருந்ததோ அதே அளவு என் டேப்பிலும் வந்தது, ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையவில்லை. என் சர்வீஸில் எதுவும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை, அதனால் அவன் மேல் சந்தேகம் இன்னும் வலுத்தது. மொட்டை மாடியில் பேனலைப் படுக்கப் போடக்கூடாதாம், தண்ணி நிக்குமாம், தூசி படியுமாம், இரும்பு ஸ்டாண்டு போட்டு, காத்துல பறக்காம இருக்க அடியில கான்கிரீட் கட்டை வச்சு, பதிமூணு டிகிரி சாய்ச்சு, தெற்குப் பார்த்து நிறுத்தணுமாம். தெற்கா என்றேன். ஆமாம் சார் என்றான். எமன் திசையைப் பாத்து யாராவது புதுச் சாமான் வைப்பாளா என்று நான் கேட்டு முடிக்கிறதுக்குள், துணி உலர்த்திக்கொண்டிருந்த மங்கை, "ஸ்ரீரங்கத்துல பெருமாளே தெற்குப் பாத்துத்தான் சயனிச்சிண்டிருக்கார், உங்க பேனலுக்கு என்ன கேடு" என்றாள். பெருமாளை நடுவில் கொண்டுவந்துவிட்டாள், தெற்கே இருக்கட்டும் என்றேன். ஆனாலும் அது தெற்குதானா என்று காம்பஸ் வைத்து மூன்று தரம் பார்த்துக்கொண்டேன்.

ஆறு பேனலும் ஏறின. எதிர் அபார்ட்மெண்டில் அஞ்சு மாடியிலும் ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. இத்தனை கண் பட்டால் கண்ணாடி தாங்குமா? பூத முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்று, எட்டுக் கிலோ என்று சொல்லிக் கொடுத்தான், ஆத்துக்கு வந்து நிறுத்தேன், ஏழே முக்கால்தான், போகட்டும், அதை ஒரு பைப்பில் கட்டி, எதிர்வீட்டுக் கண்ணெல்லாம் முதலில் அதன்மேலேயே விழட்டும் என்று பேனலுக்கு முன்னால் தொங்கவிட்டேன். மறுநாளே உற்பத்தி பாதியாகிவிட்டது. ரங்கா நல்ல பேனலைக் காட்டிவிட்டு மட்டத்தை மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ராத்திரி வந்து ஏதோ பண்ணுகிறான் என்று நினைத்தேன். பத்ரி, எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, உன் பக்கத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கிறாயோ என்றுகூட நினைத்தேன். மூன்று நாள் காலையில் குரங்குக் குல்லாயோடு தண்ணி டேங்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து காவல் காத்தேன். முழங்கால் இன்னும் நீட்ட வரவில்லை. நாலாம் நாள் ரங்கா வந்து நின்ன இடத்திலேயே கையை நீட்டினான். "சார், உங்க பூசணிக்காய் நெரளு நடுப் பேனல் மேல விழுது. ஒண்ணு மேல நெரளு விழுந்தா சாக்கு, கோத்து விட்டிருக்கோம் இல்லியா, எல்லாமே படுத்துக்கும்" என்றான். நெரளு என்றால் நிழலாம், சாக்கு என்றால் போதுமாம். மங்கை பூசணிக்காயைக் கழற்றி வாசலில் உடைத்தாள். உடைக்கிறதுக்கு முன்னால் என்னை நிற்க வைத்து எனக்கும் ஒரு சுற்று சுற்றினாள்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் நன்றாகத்தான் ஓடியது. மார்கழி பிறந்தது, சூரியன் இன்னும் தெற்கே தள்ளிப் போனான், அபார்ட்மெண்ட் நிழல் பகல் ஒரு மணி வரைக்கும் நம்ம மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. பூசணிக்காயைக் கழற்றினது போல அஞ்சு மாடியைக் கழற்ற முடியுமா? ரங்கா மாடியில் நின்று நாலாபுறமும் பார்த்தான், பார்த்தவன் கண் உன் கூரையில் போய் நின்றது. அபார்ட்மெண்ட் என் கேட்டோடு முடிகிறது, உன் தெற்குச் சரிவில் ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும் வெயில் தங்குதடையில்லாமல் விழுகிறது. அதிலும் ஓட்டுக் கூரைக்கு ஸ்டாண்டே வேண்டாமாம், கூரை தானே சாய்ந்திருக்கிறதாம், ஓட்டை நகர்த்தி அடியில் கைமரத்தில் கொக்கியை முடுக்கி, ஓட்டைத் திரும்ப மூடி, கொக்கி மேல் கம்பி, கம்பி மேல் பேனல், ஒரு ஓட்டிலும் துளை கிடையாது என்கிறான். பெரியவனாச்சே என்று அப்பா எனக்குப் புதுக் கான்கிரீட்டைக் கொடுத்தார். உனக்குப் பழைய ஓடு. இப்போது வெயில் எங்கே இருக்கிறது பார்.

நான் உன்னிடம் கேட்பதாகவே இல்லை. பங்குனி வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த ரங்கா என்னைக் கேட்காமலே உன் ஆத்துக்கு வந்துவிட்டான். மாடியிலிருந்து கையில் வாட்ச்சோடு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனான், நாலே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். என்ன சொன்னான் என் தம்பி என்றேன். "ஆய்த்து, ஹாகி அந்துட்டார் சார்" என்றான். சரி, போட்டுக்கோ என்றாயாம். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு, ஓடு உடைஞ்சா யார் பொறுப்பு, ஒண்ணுகூடக் கேக்கலை. செகரட்டேரியட்ல முப்பது வருஷம் ஃபைல் பாத்தவன் நீ. ஒரு பேனா வாங்கறதுக்கே மூணு பேர் கையெழுத்து கேப்பே. அப்பேர்ப்பட்டவன் நாலு நிமிஷத்துல கூரையைத் தூக்கிக் குடுத்தா எனக்குச் சந்தேகம் வராதா?

எழுத்துமூலம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன், முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தாய். ரங்கா கொண்டுவந்தான். நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்குப் பேனலைத் துடைக்க வேண்டும். துடைப்பது என் தமையனார் சீனிவாசராகவன் அவர்களாகவே இருக்க வேண்டும், வேலையாள் கூடாது. என் சமையலறை வழியாக வர வேண்டும். என்னடா இது? பேனலைத் துடைக்கிறது அவசியம்தான், இந்த ஊர் தூசியில் வாரம் ஒரு தரம் தண்ணி விட்டுத் துடைக்கணும்னு ரங்காவும் சொல்றான். ஆனா அதை நான்தான் துடைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எனக்கு அறுபத்தொன்பது, முழங்கால் கதை மேலே எழுதியிருக்கேன். அப்புறம், கொல்லைக்குப் போக சந்து இருக்கு. நாம சின்ன வயசுல அதுலதானே ஓடினோம்? சந்து வழியா வந்தா நேரா ஏணிக்கிட்ட வந்துடலாம். சமையலறைக்குள்ள நான் ஏன் வரணும்?

ஏணின்னதும் ஞாபகம் வரது. போன வாரம் உங்காத்து வாசல்ல புது அலுமினிய ஏணி இறங்கித்து. மங்கையைக் கேட்டா ஏணிதானேன்னுட்டா. நான் சுவரோரம் நின்னு, நீ உள்ளே போன சமயமாப் பாத்து டேப்பை நீட்டி அளந்தேன். சாதாரண ஏணில படி அகலம் மூணு அங்குலம். இது ஒன்பது. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி, கால்ல ரப்பர், மேலே உக்காந்து இளைப்பாற ஒரு பலகை. உனக்கு அஞ்சு வயசு குறைச்சல், காத்தால வாக்கிங் போறே, மாங்காய் பறிக்க மரத்துல ஏறறதைப் போன மாசம்கூடப் பாத்தேன். உனக்கு எதுக்கு இந்த ஏணி? யாருக்காக வாங்கினே? கீழே விழுந்தா கேஸ் வரும்னு முன்கூட்டியே சாட்சி தயார் பண்றியா?

உன் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு மணிக்கு நீ ரெண்டாம் காபி போடுவாய், வாசனை இந்தப் பக்கம் வரும், மங்கை போடற காபிக்கு அந்த வாசனை கிடையாது, இது நமக்குள். சமையலறை வழியா வந்தவனை வெறும் வாயோடு அனுப்ப மாட்டாய். காபி குடிச்சா உக்காரணும், உக்காந்தா பேச்சு வரும், பேச்சு வந்தா அம்மா பேச்சு, அப்பா பேச்சு, கடைசியில் சுவர்ப் பேச்சு வரும், போகட்டும்டா பத்ரி, ஒன்றரை அங்குலம்தானேன்னு நானே வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். ஒன்பது வருஷமா பல்லைக் கடிச்சிண்டு வச்சிண்டிருக்கிற ஒன்றரை அங்குலம் ஒரு டம்ளர் காபில போயிடும். இதற்காகத்தானே இத்தனையும்?

ஆகவே, மேற்படி நிபந்தனையின் உள்நோக்கத்தை நீ எழுத்துமூலம் விளக்கும் வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை. சனிக்கிழமை போனாலும் போகட்டும். பேனலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண் சிமிட்டுகிற மீட்டரோடேயே காலத்தைத் தள்ளுகிறேன். கனடாவில் ஸ்ரீரஞ்சனிக்கும் அஷ்வத்துக்கும் என் ஆசீர்வாதத்தைத் தெரிவிக்கவும். உனக்கும் தீர்க்காயுசும் நல்ல ஜீரணமும் உண்டாகப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். இந்த ஆசீர்வாதத்தை நான் கூரைக்குச் சம்மதித்ததாக எந்த இடத்திலும் காட்டக்கூடாது.

இப்படிக்கு,
உன் தமையன்,
சீனிவாசராகவன்
எடை அளவு இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பி.கு.: வியாழக்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டுவதற்குள் மங்கை இதை எடுத்துப் படித்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "முப்பத்துநாலு வருஷம் தராசைப் பாத்தேளே, இது தெரியலையா? ஆத்துல தனியா இருக்கான். அண்ணாவைப் பாக்கணும் போல இருக்கு, வா அண்ணான்னா நீங்க வர மாட்டேள், அதுக்குத்தான் கூரையைக் குடுத்து, ஏணியை வாங்கி வச்சிண்டு உக்காந்திருக்கான்" என்றாள். பழக்கதோஷத்தில் அவள் சொன்னதையும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் அளந்தாலும் சரியாகவே வந்தது. காகிதத்தில் இன்றைக்கே கையெழுத்துப் போட்டு ரங்காவிடம் கொடுத்துவிட்டேன்.

உன் நிபந்தனையில் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். வாரம் ஒரு தரம் என்பதை இரண்டு தரம் ஆக்கியிருக்கிறேன். மத்தியானம் ஒரு மாங்காய் மழை, கோடை மழைதான், கொட்டியதே, மழைக்காலத்தில் துடைக்கவே வேண்டாம் சார், மழையே கழுவிடும் என்று அப்புறம் போன் பண்ணிச் சொன்னான் ரங்கா. மழையை நம்பி ஒரு காரியத்தை விடுகிறவனா நான். முதல் தடவையாக இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேனலை உங்க தம்பி கூரைக்கு மாத்தவே இன்னும் ஒரு மாசம் ஆகும், இந்த ஞாயிறு போய் எதைத் துடைப்பீங்க என்று கேட்டான். அது எங்க குடும்ப விஷயம் என்று போனை வைத்துவிட்டேன். எட்டு மணி என்று எழுதியிருக்கிறாய். நான் ஏழு மணிக்கே வந்து நிற்பேன், சமையலறைக் கதவைத் தாழ் போடாமல் வை.