பங்கில்லாத ஆள்

"பங்கு வாங்குதவரு சாட்சி போடக் கூடாது அண்ணாச்சி. போட்டா அவரு பங்கு செல்லாமப் போயிரும்," என்று பத்திரம் டைப் அடிக்கிற ஹமீது மூன்றாவது தடவையாகச் சொன்னான். வாசலில் முக்காலி போட்டு டைப் மெஷினை வைத்திருந்தான். 1964 என்று வருஷத்தை அடித்ததோடு மெஷின் நின்றிருந்தது.

மரியஅந்தோணிக்குத் தலை சுற்றியது. உயில் எழுதுவது இத்தனை பாடு என்று யார் கண்டது? அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தனக்குப் பிறகு இந்தத் தாராவி வீடு லூசியம்மாளுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மகன் தனசீலன் இதை விற்றுவிட்டு, அம்மாவைச் செம்பூருக்குக் கூட்டிப் போய் அடுப்படி மூலையில் படுக்க வைப்பான். பையன் நல்லவன்தான். மருமகளும் நல்லவள்தான். அந்த மூலைதான் ரொம்பச் சின்னது.

ஆறுமுகநயினாரைத் தேடிப் போனார். தோல் பட்டறையில் முப்பது வருஷம் கூட வேலை பார்த்த சிநேகிதர்.

"உயில்ல ஒரு சாட்சி போடணும் வே."

"போட்டாப் போச்சு. எனக்கு என்ன எழுதியிருக்கீரு?"

"ஒண்ணும் எழுதல. அதனாலதான் உம்மகிட்ட வந்தேன்."

நயினாரின் முகம் தொங்கிப் போனது. "ஒரே தூக்குச்சட்டியில தின்னிருக்கோம்," என்று மட்டும் சொன்னார். மரியஅந்தோணிக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிளை அவர் பேருக்கு எழுதச் சொன்னார்.

"இனி அவரு சாட்சி போட முடியாது," என்றான் ஹமீது.

அடுத்து சம்பந்தி ஏசுதாஸ். சம்பந்தியை வெறுங்கையோடு விட முடியுமா? சுவர்க் கடிகாரம் போயிற்று. கோயில் உபதேசியாருக்கு ரேடியோ. மத்தியானத்துக்குள் ஆட்டுக்கல்லைத் தவிர எல்லாம் ஊர் பேருக்குப் போய்விட்டது. சாட்சிக்குத்தான் ஆளில்லை.

"எதுக்கு இந்த அலைச்சல்? நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க," என்றாள் லூசியம்மாள்.

"இது சட்ட விஷயம். ஒனக்குப் புரியாது."

ரேஷன் பாரமோ, கோயில் சங்கத்துத் தாளோ, அவள் நீட்டுகிற எதையும் அவர் படித்ததில்லை. விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. இதையாவது தானே செய்து முடிக்க நினைத்தார், பாவம்.

"ஒங்ககிட்ட எதையும் எதிர்பாக்காத ஆளாப் பாருங்க. இன்னொரு சாட்சி நான் போடுதேன்," என்றான் ஹமீது.

அப்படி ஒரே ஆள்தான் இருந்தார். குழாயடித் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத வெயிலுமுத்து.

வெயிலுமுத்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். "உம்ம சாவுக்குன்னா கண்டிப்பா வாரேன்."

வீட்டுப் பத்திரத்தின் நம்பரைச் சேர்க்க வேண்டும் என்றான் ஹமீது. லூசியம்மாள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"வீடு மதினி பேர்லல்லா இருக்கு."

மரியஅந்தோணி மனைவியைப் பார்த்தார்.

"வாங்குன அன்னைக்கு ஒங்களுக்கு ஷிப்டு. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நான்தான போனேன்," என்றாள். "எனக்கு முன்னாடி ஏதாவது ஆயிட்டா நீங்க அந்த மூலையில போய்ப் படுக்கக் கூடாதுன்னு, போன வருசமே ஒங்க பேருக்கு உயில் எழுதிட்டேன். அதுவும் அந்தக் கட்டுலதான் இருக்கு."

மரியஅந்தோணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்த மூலைக்குத்தான் அவளும் பயந்திருக்கிறாள். வெயிலுமுத்து கூட மூக்கை உறிஞ்சினார்.

ஹமீது அந்த உயிலின் கடைசித் தாளைப் புரட்டினான். ஒரு கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"அண்ணாச்சி, இதுல மொதல் சாட்சி நீங்கதான்."