ஏன்லா கேட்காமல் விட்ட கேள்வி

ஜொகூர் மாநிலத்தில் அவன் பேட்டி எடுக்காமல் விட்ட ஜீவன் ஒன்றே ஒன்றுதான். எங்கள் விடுதிப் பூனை. அதுவும் அவனைக் கண்டதும் ஓடிவிடும் என்பதால் தப்பித்தது. மற்றபடி பேருந்து ஓட்டுபவர், பேருந்துக்குக் காத்து நிற்பவர், பேருந்தைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டிருப்பவர் என்று யாரையும் அவன் விட்டதில்லை.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவன் ‘ஏன்லா’.

நாங்கள் சந்தித்தது ஒரு நீண்ட விடுமுறையில். ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகம் அந்த விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி ஒன்றை நடத்தியது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள், ரப்பர்த் தோட்டப்புறத்துப் பிள்ளைகள், கம்பம் என்கிற சிற்றூர்ப் பிள்ளைகள் ஆகியோரைத் தேடிப் பிடித்து, சமூகவியல், மானிடவியல் போன்ற துறைகளில் முனைவர் பட்டம் வரை போகத் தயார் செய்வது அதன் நோக்கம். ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். முடிவில் வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் முன்னால் அதைப் படைக்க வேண்டும். எல்லாரிலும் சிறந்த ஒருவருக்கு மட்டும் முழு உதவித்தொகையோடு முனைவர் படிப்புக்கு இடம்.

சிகாமட்டில் என் அப்பாவுக்கு இதை விளக்கப் பெரும்பாடு பட்டேன். “லீவுல எல்லாப் பிள்ளைங்களும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவுது. நீ லீவுலயும் படிக்கப் போறியா? ஃபெயிலாயிட்டியா?” என்றார். இல்லை என்று சொன்னேன். கடைசிவரை அவர் நம்பவில்லை.

பயிற்சியை நடத்திய பேராசிரியை எங்களுக்கு வெறும் ‘டாக்டர்’. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். சிரித்தால் யாராவது பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி, “நீ எதுக்காக முனைவர் பட்டம் படிக்கணும்னு நெனக்கிற?” என்று கேட்டார். எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருந்தோம். ஒருத்தர் சமுதாயத்துக்காக என்றார். இன்னொருத்தர் நாட்டுக்காக என்றார். நான் மனித குலத்துக்காக என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து காஹாங்கிலிருந்து வந்திருந்த ஓர் ஒல்லிப் பையன் எழுந்தான்.

“நீங்க ஏன் லா இதக் கேக்குறீங்க, டாக்டர்?”

நாங்கள் எல்லாரும் டாக்டர் முகத்தைப் பார்த்தோம். அவன் திமிராகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “நல்ல கேள்வி. உக்காரு” என்றார். மலேசியப் பேச்சில் ஒட்டிவரும் அந்த ‘லா’வோடு சேர்த்து அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே, என் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அவனை என் அறையிலேயே போட்டார்கள்.

பல்கலைக்கழக வாசலில் ஒரு காவலாளி. அவர் நாற்காலி எப்போதும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் பார்த்த நாற்காலிதான். ஒருநாள் காலையில் ஏன்லா கேட்டான்: “அண்ணே, நாற்காலிய ஏன் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கீங்க?” அவர் வெயில் என்று ஆரம்பித்தார். வெயிலிலிருந்து பழைய மேலாளருக்குப் போனார், மேலாளரிலிருந்து மைத்துனருக்குப் போனார், மைத்துனர் பிரித்துக்கொண்டு போன வீட்டுக்கு வந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தடுப்புக்கட்டை தூக்குவாரில்லாமல் கிடக்க, கார்கள் பெரிய சாலை வரைக்கும் வரிசைகட்டி நின்றன. முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு துறைத் தலைவர் இறங்கி வந்தார். ஏன்லா அவரிடம் திரும்பி, “சார், இவ்ளோ நேரம் நீங்க ஏன் சார் ஹார்ன் அடிக்கல?” என்று கேட்டான்.

விடுதிக் காப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இனி முன்வாசல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். பின்வாசல் வழியாகப் போய்வந்தோம். அங்கேயும் ஒரு காவலாளி இருந்தார்.

பக்கத்து மாமாக் கடையிலும், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையிலும், இதே கதைதான். கடைக்காரர் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர். கல்லாவை விட்டு அசையாத மனிதர். ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்க கூட்டாளி யாரு? இமிகிரேசன் ஆளா?”

“இல்ல பாய், ஸ்டூடன்ட்.”

“அலமாக்! ஸ்டூடன்டா? எங்க வீட்ல சொல்லாததெல்லாம் இவருகிட்ட சொல்லிட்டேனே!”

அவனிடம் அப்படி என்னதான் இருந்தது என்று நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். கேள்வி எல்லாரும் கேட்கலாம். கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் ஆளில்லை. எனக்கு எதிராளி ஒரு நொடி மௌனமாக இருந்தாலே பயம் வந்துவிடும். உடனே அடுத்த கேள்வியைப் போட்டு அந்த இடைவெளியை அடைத்துவிடுவேன். அவன் அடைக்க மாட்டான். முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருப்பான். அந்த மௌனத்துக்குள் எதிராளி மெல்ல இறங்கி வருவார். “இத சொல்லிக் குடுக்க முடியாது. இவன்கிட்ட இருக்கு” என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, “நீ மொதல்ல வாய மூடிப் பழகு” என்றார்.

உள்ளூர்ச் சிறு நகரங்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைத் தாண்டி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களைப் பற்றியது அவன் ஆய்வு. அப்படித்தான் பண்டார் தெங்காராவில் ஓர் அக்காவைத் தேடிப் போனோம். என் மோட்டாரில், நான் ஓட்ட, அவன் பின்னால். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அவனை ஓட்டவிட்டால் எதிரே வரும் லாரியை நிறுத்தி விசாரிப்பான் என்று பயம்.

அக்கா மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஏன்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “அக்கா, பாலத்தத் தாண்டும்போது என்ன நெனப்பீங்க?” அவ்வளவுதான். அக்கா பேச ஆரம்பித்தார். சட்டையை மடித்து வைத்தார், பிரித்தார், மறுபடியும் இஸ்திரி போட்டார். பேச்சு நிற்கவில்லை. கட்டின கணவரிடமும் கூடப்பிறந்த தங்கையிடமும் சொல்லாத ஒன்றை எங்களிடம் சொன்னார். அது என்ன என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். காரணம் உங்களுக்கே சற்று நேரத்தில் புரியும்.

திரும்பி வரும்போது குலாயில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

“ஒடம்பு சரியில்லயா?”

“பேசாம ஓட்டு.”

பேரையும் ஊரையும் மாற்றி, அக்கா சொன்னதை அடுத்த வாரம் எங்கள் குழுவில் வாசித்தான். ஓராங் அஸ்லி பழங்குடிக் கம்பத்திலிருந்து வந்திருந்த ஜூலி, எதற்கும் கலங்காதவள், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த ஒண்ணு போதும். அந்த எடம் ஒனக்குத்தான்னு நான் சொல்லக் கூடாது” என்றார். சொன்னது அதைத்தான்.

அவன் அன்றே வீட்டுக்குப் போன் செய்தான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். லாரிச் சத்தத்துக்குப் பழகிய குரல், அறை முழுக்கக் கேட்டது.

“டாக்டராவப் போறியா? ஊசி போடுவியா?”

“இல்லப்பா. கேள்வி கேப்பேன்.”

“அதத்தான்டா பொறந்ததுலேருந்து செய்யுற!”

ஆனாலும் போனை வைக்கவில்லை. பின்னால் யாரையோ கூப்பிட்டு, “நம்ம பய டாக்டராவுறானாம்” என்று அவர் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது.

படைப்பு நாளுக்குச் சற்று முன்னால், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் போன் அடித்தது. எடுத்தவன் எழுந்து நின்றான். அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

“சொல்லுங்கக்கா… ம்… ம்… சரிக்கா, எடுத்துர்றேன். அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க கவலப்படாதீங்க.”

உட்கார்ந்தான். மீன் கறியைச் சோற்றில் பிசைந்தான். “அக்கா. அவங்க சொன்னத வேணாங்குறாங்க” என்றான்.

“ஏனாம்?”

“கேக்கல.”

என் கை நின்றுவிட்டது. “நீயா? நீ கேக்கலயா?”

“கேட்டா அவங்க ஒரு காரணம் சொல்லியாகணும். அந்தக் காரணம் எனக்குப் பத்தலைன்னா? அப்ப அது அவங்களோடது இல்ல, என்னோடதுன்னு ஆயிடும் லா.”

அவனோடு டாக்டர் அறைவரைக்கும் போனேன். கதவு திறந்திருந்ததால் வெளியே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

“கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க இல்ல?”

“குடுத்தாங்க டாக்டர்.”

“பேர மாத்திட்ட. ஊர மாத்திட்ட. இன்னும் என்ன?”

“அவங்க வீட்டுக்காரருக்குப் பேரே வேணாம் டாக்டர். கதையக் கேட்டாலே தெரிஞ்சிரும்.”

“அவரு எங்க இந்த அரங்கத்துக்கு வரப் போறாரு?”

“அவரு மக யுனிவர்சிட்டிக்கு வரும் டாக்டர்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. டாக்டர் பேசியபோது அது பேராசிரியையின் குரலாக இல்லை. “நம்ம பிள்ளைங்க இந்த வாசல் வரைக்கும் வர்றதே அபூர்வம்டா. ஒனக்குக் கதவு தொறந்திருக்கு. நீயே சாத்திட்டுப் போறியே. வேற ஆளுக்குப் போயிரும், தெரியுதா?”

“தெரியுது டாக்டர்.”

அவர் கண்ணெதிரே ஒலிப்பதிவை அழித்தான். எழுதி வைத்திருந்ததையும் அழித்தான். அறைக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

படைப்பு நாளில் எல்லாரும் படம், வரைபடம், அட்டவணை என்று அசத்தினோம். அவன் முறை வந்தபோது திரையில் ஒன்றும் இல்லை. மலாயில் பேசினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “நான் ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தேன். அவர் சொன்னார். பிறகு வேண்டாம் என்றார். அழித்துவிட்டேன். நன்றி.” நேரம் பார்க்க உட்கார்ந்திருந்தவர் இன்னும் கடிகாரத்தையே தொடவில்லை.

வெளியிலிருந்து வந்த ஓர் அறிஞர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்படியானால் உங்கள் கண்டுபிடிப்புதான் என்ன?”

“இருக்கிறது சார். சொல்ல முடியாது.”

அரங்கம் சிரித்தது. நல்ல நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவன் மேடையிலேயே நின்றான். அப்போதுதான் ஜூலி எழுந்தாள்.

“எங்கள் கம்பத்துக்கு ஆராய்ச்சி செய்ய நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். படம் பிடித்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். ஒரு படத்தை எடுத்துவிடும்படி என் அம்மா சொல்லியனுப்பினார். அது இன்னும் எங்கோ ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்றதும் எடுத்துவிட்ட ஓர் ஆராய்ச்சியாளரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

சிரிப்பு நின்றது. யாரும் கைதட்டவும் இல்லை. கைதட்டுகிற இடமில்லை அது.

முனைவர் படிப்புக்கான அந்த இடம் ஜூலிக்குக் கிடைத்தது. தகுதியான ஆள். இன்றைக்கு அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். எனக்கு முனைவர் பட்டம் வாய்க்கவில்லை, பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம்தான் வாய்த்தது. ஏன்லா மிச்சப் படிப்பை முடித்துவிட்டுக் காஹாங்குக்குத் திரும்பி, குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். போனில் பேசுவோம். கிடங்கைப் பற்றிச் சொல்வான். ஆய்வைப் பற்றி இருவருமே பேச மாட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு சனிக்கிழமை, கூப்பிட்டவன் குரலே வேறாக இருந்தது.

“டாக்டர் வீட்டுக்கு வந்தாங்க லா. அவங்களே கார் ஓட்டிக்கிட்டு. எங்கப்பா லாரி கழுவிக்கிட்டு இருந்தாரு, சட்ட கூட இல்ல. பதறிப்போய் உள்ள ஓடிட்டாரு. அவங்க செருப்ப விட்டுட்டு வந்து உக்காந்துட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“‘நீ செஞ்சத நான் வருசா வருசம் மொத வகுப்புல சொல்லிக்கிட்டு இருக்கேன். செஞ்சவன் கெடங்குல பெட்டி அடுக்குறான். எனக்கு நல்லால்ல, வந்துரு’ன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஏன் லான்னு கேட்டேன்.”

“அட பாவி! அவங்க?”

“சிரிச்சாங்க.” அவனும் சிரித்தான். “‘எனக்கு ரொம்ப நாளா மனசு கேக்கல’ன்னாங்க. எங்கப்பா உள்ளேருந்து சட்டப் பொத்தான மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வந்து, ‘அனுப்பி வைக்கிறேங்கம்மா’ன்னுட்டாரு.”

இப்போது அவன் டாக்டரிடம்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். முடிந்தபாடில்லை. ஊரில் மற்றவர்களின் ஆய்வெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும், அவனுடையது மட்டும் மெலிந்துகொண்டே வருகிறது. ஓர் அத்தியாயம் எழுதியதும், பேசியவர்களின் வீடுகளுக்கே திரும்பப் போய் வாசித்துக் காட்டுவான். “இது இருக்கலாமா?” என்பான். சிலர் இருக்கட்டும் என்பார்கள். சிலர் தலையைச் சொறிவார்கள். சொறிந்தாலே எடுத்துவிடுவான். “இப்படியே போனா நன்றியுரை மட்டும்தான் மிஞ்சும்” என்று டாக்டர் போகிற இடமெல்லாம் புலம்புகிறார். புலம்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு மாணவன் கிடைக்க எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்பதுபோல் இருக்கும்.

பண்டார் தெங்காராவுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் போவான். ஒருமுறை நானும் போனேன். அக்காவின் கணவர் எங்களுக்கு முறுக்கை அள்ளி அள்ளி வைத்தார். மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கறி போடுங்க” என்றார். அவ்வளவுதான்.

அவன் பட்டம் வாங்கும் நாளில் நான் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். தைத்துச் சில வருடம் ஆகிறது. அவன் ஆய்வு மெலிய மெலிய நான் பெருத்துக்கொண்டே போகிறேன். போன மாதம் போட்டுப் பார்த்தேன், நடுவில் பொத்தான் சேரவில்லை. பரவாயில்லை. திறந்து கிடந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் முன்வரிசையில் உட்காருவேன்.