தோட்டத்துச் சொந்தக்காரர் சில்வெஸ்டர்

இந்த வருடம் அடுத்தவர் தோட்டத்துக்குள் கால் வைப்பதில்லை என்று ஏப்ரல் மாதம் ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன். குளியலறையில் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு சிந்திக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஜேர்மனியில், ஹம் நகரத்திலிருந்து இருபது நிமிடம் தள்ளி ஒரு கிராமத்தில். சோளம், மாடு, ஒரு தேவாலயம், நாலு காற்றாலை. ஆகஸ்ட் கடைசிச் சனி ஞாயிறில் இந்த ஊர்ச்சனம் தங்கள் வீட்டுத் தோட்டங்களைத் திறந்து விடும். வாசல் படலையில் பச்சை பலூன் கட்டியிருந்தால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மொத்தம் பதினான்கு தோட்டம். என் மனைவி ஞானமலர் பதினான்கையும் பார்ப்பாள். சும்மா பார்க்க மாட்டாள். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் நின்று, சம்பந்தம் பேச வந்தவள் மாதிரி, அதன் பூர்வீகத்தையே விசாரிப்பாள். அவள் வாங்கிய கன்றுகளை இரண்டு கையிலும் ஏந்தியபடி நான் பின்னால் நிற்பேன். ஒன்பது வருடத்தில் நான் ஒரு தோட்டத்தையும் கண்டதில்லை. ஞானமலரின் முதுகைத்தான் கண்டேன்.

அதே இரண்டு நாளும் என் நண்பன் செல்வரட்ணம் கால்வாய்க் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பான். மீன் பட்டவுடன் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். இந்த நாட்டில் மீன் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டும். நானும் எழுதிப் பாஸ் பண்ணியவன். மீன்பிடிக்கும் அனுமதிப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோசாக்கன்று சுமந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

வரமாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வருடம் பதினான்கு தோட்டத்தையும் இரண்டு தடவை பார்த்தோம்.

ஆகவே திட்டம் போட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஞானமலர் வளர்க்கும் தோட்டம் ஒன்று இருக்கிறது. பயிற்றை, கத்தரி, மிளகாய், டாலியாப் பூ. கண்ணாடிக் கூடாரத்துக்குள் பாகலும் புடோலும். அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால்? வாறவர்களை வரவேற்கச் சொந்தக்காரி இரண்டு நாளும் வீட்டில் நிற்க வேண்டும். அவள் உள்ளே. நான் கால்வாய்க் கரையில். எனக்கே என் மூளையை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இந்தத் தோட்ட விழாவை நடத்துபவர் ஃபிராவ் கெஸ்லர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் பத்திரம், இரகசியமாக வாங்கினேன். வேலைத்தலத்தில் இடைவேளையில் வைத்து நிரப்பினேன். கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்த்தேன்.

யூலை மாதம் அச்சடித்த சிறுபுத்தகம் வந்தது. ஞானமலர் தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசித்தாள். எண் பதினைந்து: வெப்பநாட்டு மரக்கறித் தோட்டம். சொந்தக்காரர் திரு. சில்வெஸ்டர். இரு நாளும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணிவரை நேரில் நின்று விளக்கம் தருவார்.

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. எண்பத்தொன்பதில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த அத்தனை அன்ட்ராக்கிலும் முதல் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன். விசாவுக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, குப்பை வாளிக்கு. பேனையைக் கண்டால் கை தானாக எழுதும். வாசித்துப் பார்க்கும் வழக்கம் என்னிடம் இல்லை.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று அடுத்த நாளும் சொல்லிப் பார்த்தேன்.

"இல்லையப்பா, உங்கட கையெழுத்துத்தான். ஃபிராவ் கெஸ்லர் எடுத்துக் காட்டினவ," என்றாள் ஞானமலர். "நல்ல விசயம்தானே. இந்தமுறை நான் ஆறுதலாய்ப் பாக்கலாம். பின்னால நிண்டு பெருமூச்சு விட ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

ஒன்பது வருடம் சுமை தூக்கியதற்குக் கிடைத்த நன்றி இது. ஃபிராவ் கெஸ்லருக்குத் தொலைபேசி எடுத்து விலகப் பார்த்தேன். இரண்டாயிரம் பிரதி அடித்தாகிவிட்டது என்றார். இந்த நாட்டில் அச்சில் வந்தது நடந்தே ஆகவேண்டும். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படலைக்கு வெளியே எட்டுப் பேர் நின்றார்கள். படலை திறந்துதான் இருந்தது. ஆனாலும் பத்து அடிக்கும்வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. ஞானமலர் வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாள். செல்வரட்ணத்திடமிருந்து அன்றைய முதல் படம் வந்தது. நல்ல பெரிய மீன்.

சரி, என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டாயா, பார் இனி, என்று மனதுக்குள் சபதம் செய்தேன். முதலாவதாக வந்த கிழவர் இதெல்லாம் யாருடைய கைவேலை என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, என்னுடையது என்றேன். சொல்லும்போதே இனித்தது. அவள் தோட்டத்தை அவள் திரும்பி வருவதற்குள் நான் கைப்பற்றிவிட வேண்டும். ஊர் முழுக்க என் தோட்டம் என்று பேச வேண்டும். அதுதான் தண்டனை.

மத்தியானத்துக்குள் நிலம் கொத்தியது நான், விதை போட்டது நான், பந்தல் போட்டது நான் என்றாகிவிட்டது. புடோலங்காயின் நுனியில் ஏன் கல் கட்டித் தொங்குகிறது என்று ஒரு பெண் கேட்டார். வளையாமல் நேராக வளரத்தான். ஆனால் அவ்வளவு சிறிய பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதிலேயே ஒழுக்கம் பழக்கினால்தான் காய் உருப்படும் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கொப்பியில் குறித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னும் இரண்டு பேரும் குறித்தார்கள்.

இடையில் ஒரு சங்கடம். வீட்டுக்கு வந்த ஆட்களை வெறும் வாயோடு அனுப்ப எங்களுக்குத் தெரியாது. எழுபது பேருக்குத் தேத்தண்ணி போட்டேன். கடிக்க ஏதும் இருக்குமா என்று குளிர்ப்பெட்டியைத் திறந்தால் ஞானமலர் முன்கூட்டியே செய்துவைத்த இருநூறு இறைச்சி ரோல்ஸ் அடுக்கி இருந்தது. அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம் நாற்பதைத் தாண்டியது. ஃபிராவ் கெஸ்லர் உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கதிரையில் ஏறி நின்று பேசினேன். வெயிலோ மழையோ தினமும் காலை ஆறு மணிக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருநாள் தவறியதில்லை. மனைவியா? அவளுக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. புழுவைக் கண்டால் ஓடுவாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு வெயில் தொப்பியும் சிரித்தது.

ஞானமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்றைக்கு இந்தக் கதிரையிலேயே என் கதை முடியப்போகிறது என்று நினைத்தேன். வரட்டும், என்ன வந்தாலும் இறங்குவதில்லை என்று நின்றேன்.

அவளோ தெளிவான ஜேர்மனில், என் கணவர் சொல்வது முழுக்க உண்மை என்றாள். தனக்கு ஒன்றுமே தெரியாதாம். எல்லாம் அவர்தானாம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை ரோஹிணி நாலு வருடமாகக் கூப்பிடுகிறாளாம். செடிகள் காய்ந்துபோகுமே என்று பயந்து அங்கே போகாமல் இருந்தாளாம். இவ்வளவு கெட்டிக்காரர் வீட்டில் இருக்கும்போது அந்தக் கவலை எவ்வளவு மடத்தனம் என்று உங்கள் எல்லோருக்கும் முன்னால் இன்றைக்கு விளங்கிவிட்டதாம். இனி நிம்மதியாக ஆறு கிழமை போய் இருந்துவிட்டு வருவாளாம்.

நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஃபிராவ் கெஸ்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும், செவ்வாய்க்கிழமை தொடக்கம் தங்கள் தோட்டச் சங்கத்தார் காலை ஆறு மணிக்கு வந்து என்னிடம் பழகுவார்கள் என்று அறிவித்தார். பத்திரிகைக்காரப் பெண் நேரத்தை இன்னொருமுறை கேட்டு எழுதிக்கொண்டார்.

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். செப்டெம்பர் முழுதும் மீன் நன்றாகக் கடிக்கும் மாதம். ஆனால் நாற்பது பேருக்கு முன்னால், கதிரைக்கு மேல் நின்றுகொண்டு, அந்த வார்த்தையைச் சொல்ல நான் ஆளில்லை. நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். ஆறு மணி என்பதை உறுதிப்படுத்தினேன்.

கடைசி ஆளும் போன பிறகு அவள் பின்னால் அறைக்குள் போனேன். சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடந்தது. பாதிக்குமேல் அடுக்கியாகிவிட்டது.

"எப்ப பயணம்?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பின்னேரம்."

"டிக்கெட்?"

"யூலையிலயே போட்டிட்டன். அந்தப் புத்தகம் வந்த கிழமை."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கடைசியாக ஒன்று கேட்டேன். "இஞ்சேரும், நான் அப்பிடிப் புழுகாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

ஞானமலர் சூட்கேஸின் சிப்பை இழுத்து மூடினாள்.

"அந்தப் பயம் எனக்கு வரவேயில்லையப்பா."