உப்புப் போட்டது நான்தான், சித்தி

அன்பும் மரியாதையும் நிறைந்த எலூபி சித்தி அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் தியோங்கே முட்டி போட்டு எழுதிக்கொள்வது. நீங்கள் நன்றாக எழுந்திருந்தால் நானும் நன்றாக எழுந்திருக்கிறேன். அம்மா நலம். அக்கா மலிட்டா நலம். அப்பாவும் நலம், அப்பாவின் இருமலும் நலம்.

போன வாரம் போனில் நீங்கள் "எதுடி நல்லா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். நான் "மழை நல்லா இருக்கு சித்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் போனில் காதில் வைத்துக் கேட்கும் வழி கெட்டுப்போய்விட்டது, எல்லாமே ஸ்பீக்கரில்தான். நீங்கள் கேட்டது அப்பாவுக்குக் கேட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் நாபிரி அத்தைக்கும் கேட்டது. "எதுடி நல்லா இருக்காம்?" என்று அவர் அங்கிருந்தே கேட்டார். அதனால்தான் கடிதம். எழுதுவது எனக்குச் சுலபம், என் கைக்கு வெட்கம் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மினிபஸ்ஸில் கொடுத்துவிட்ட பொட்டலத்தை முதலில் பிரித்தது அப்பா. சர்க்கரையை எடுத்து வைத்துவிட்டு, மூன்று கப்புகளில் சிவப்பானதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பரவால்லையே எலூபி, என் இருமல் மருந்துக்கு அளவுக் கிண்ணமெல்லாம் அனுப்பியிருக்கா. ஆனா கீழ வால் எதுக்கு?" என்றார். நான் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். என் வாழ்நாளில் அப்பா கையிலிருந்து எதையும் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

மாதவிலக்கு நாட்களில் துணிக்குப் பதிலாக மூன்றையும் உள்ளே வைத்துப் பார்த்து எது நல்லது என்று எழுது, தையல் வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் அதையே வாங்கப்போகிறேன் என்று சீட்டு வைத்திருந்தீர்கள். சித்தி, என்னை யாரும் இதுவரை எது நல்லது என்று கேட்டதில்லை. சீட்டை மடித்து மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம், கண்ணாடி மாதிரி இருந்த மெத்தென்ற கப். சீட்டில் சொன்னபடி கொதிக்க வைத்து, கையைக் கழுவி, மடித்து வைத்தால், உள்ளே போனதும் விரியாமல் மடித்தபடியே தூங்கிவிட்டது. அது தூங்கியது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ரோட்டோரம் விற்க மண்டாசி மாவுருண்டை சுட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய்ப் புகைக்கு ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான். கீழே உள்ள வால் வேறு நீளம், முக்காலியில் உட்காரும்போதெல்லாம் குத்தியது. வாலை நறுக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது சீட்டின் பின்பக்கம். பின்பக்கத்தை நான் மாதம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

இரண்டாம் மாதம் சிவப்பு. அது தூங்கவே இல்லை. உள்ளே போனதும் 'டப்' என்று விரிந்தது, எனக்கே கேட்டது. ஒரு சொட்டு கசியவில்லை. ஆனால் கல் மாதிரி விறைப்பு, சிறுநீர்ப் பையை முட்டிக்கொண்டே இருந்தது. நான் கழிப்பறைக்கும் அடுப்புக்கும் நடந்ததில் புல் செத்துப் பாதையே விழுந்துவிட்டது. எடுக்கப் போனால் வரவில்லை. சித்தி, நான் செத்தேன் என்றே நினைத்தேன். கழிப்பறைக்குள் உட்கார்ந்து, இனி இது என் உடம்போடு வளரும், கல்யாணம் ஆகாது என்றெல்லாம் அழுதுவிட்டு, பிறகு வாலை இழுக்காதே, அடியைக் கிள்ளிக் காற்றை விடு என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து, கிள்ளினேன். வந்துவிட்டது. அப்பா வெளியே நின்று, "என்னடி, வயித்துப்போக்கா? கொய்யா இலை கொண்டாரவா?" என்றார்.

மூன்றாவது ஊதா. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே. ஆனால் அதற்கு முன் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் லிலோங்வே நகரத்தில் யார் எப்போது சட்டியில் உப்புப் போட்டாலும் யாரும் கேட்பதில்லையாம், மலிட்டா சொன்னாள். இங்கே அப்படியா? அந்த நாட்களில் ஒருத்தி குழம்பில் உப்புப் போட்டால் சாப்பிட்டவருக்கு நெஞ்சு அறுந்து இருமல் வரும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அம்மா விடிந்ததும் சந்தைக்குப் போய்விடுவார், மலிட்டா புகையிலைத் தோட்டத்தில். பகல் சமையல் என்னுடையது. ஆகவே மாதா மாதம் நாபிரி அத்தையைத்தான் உப்புப் போடக் கூப்பிட வேண்டும். அவருக்கு எல்லாம் நின்றுபோய்ப் பல வருடம் ஆயிற்றாம், அதனால் நம் தெருவுக்கே உப்புக்காரி அவர்தான். சொந்தக் கரண்டியோடு வருவார். உப்பைப் போட்டு, ருசி பார்த்து, மறுபடி ருசி பார்த்து, ஒரு துண்டு மீனையும் ருசி பார்த்துவிட்டுப் போகும்போது, "இந்த மாசம் ரெண்டு நாள் முந்திட்டியே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

கப் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கொடியில் துணி காயப்போட வேண்டாம் அல்லவா, அதனால் அத்தையைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த நாட்களில் சப்பென்று சமைத்து, உப்பைத் தனியாக ஒரு மூடியில் வைத்து அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். "என்னடி இது, மாட்டுக்கு நக்கக் குடுக்கிற மாதிரி குடுக்கிற?" என்று கேட்டுவிட்டு அவரே போட்டுக்கொண்டார். எவ்வளவு புத்திசாலி நான் என்று பெருமையாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மலிட்டாவை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை லிம்பானியின் வீட்டார் வந்த நாள்தான் எனக்கு ஊதாக் கப்பின் மூன்றாம் நாள். நிச்சயத்துக்குக் கைமாற்ற வேண்டிய சேவலைக் கூடையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் கலுவா வந்தார், அவர் மனைவி வந்தார், இன்னும் நிறையப் பேர். நம் பக்கத்தில் தாய்மாமனாக சிமேயோ மாமா பெட்டைக் கோழியோடு கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம், "குழம்பு உன் பொறுப்பு. உன் அக்கா வாழ்க்கை அந்தச் சட்டியிலதான் இருக்கு" என்றார். நான் ஓடினேன், தண்ணீர் தூக்கினேன், விறகு பிளந்தேன், களி கிண்டினேன். சித்தி, ஊதா உள்ளே இருந்ததே எனக்குத் தெரியவில்லை! குத்தவில்லை, முட்டவில்லை, கசியவில்லை. உட்கார்ந்தேன், குனிந்தேன், விருந்தாளிகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டேன். இன்றைக்கு என்ன நாள் என்பதே எனக்கு அடியோடு மறந்துபோய்விட்டது. மறந்துபோய், கை நிறைய உப்பை அள்ளி, கோழிக் குழம்பில் போட்டுவிட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். கோழியின் கல்லு, மூத்த விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கும் இரைப்பைத் துண்டு, கலுவா மாமாவுக்குப் போயிற்று. அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்து, "மூத்தவளை மட்டும் கேட்டு வந்துட்டோமே, இந்தக் கைமணத்துக்கு இவளையும் சேர்த்துக் கேட்டுருக்கலாம்" என்றார்.

பாயில் உட்கார்ந்திருந்த நாபிரி அத்தை எலும்பைக் கீழே வைத்தார். "தாராளமா கேளுங்க. இவளைக் கேட்டா ஒண்ணுக்கு ரெண்டா வரும்" என்றார்.

"என்ன சொல்றீங்க?" என்றார் சிமேயோ மாமா.

"நான் ஒண்ணும் சொல்லல. கொடிதான் சொல்லுது. மூணு மாசமா ஒரு துணி காயல, உப்புப் போட என்னை ஒரு கூப்பாடு கூப்பிடல. ராத்திரி பகலா கழிப்பறைக்கு வேற ஓடினா. பொண்ணு முழுகாம இருக்கு, நீங்க கல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

அம்மா கையிலிருந்த மக்காச்சோளத் தோப்வாக் கூழ்க் குவளை சரிந்து பாயெல்லாம் பால் மாதிரி ஓடியது. மலிட்டா போர்த்தியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். கலுவா மாமா சேவல் கூடையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். அந்தக் கொஞ்சத்தை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு என்ன நாள் என்பது ஞாபகம் வந்தது. யோசித்துப் பாருங்கள் சித்தி. நான் பேசாமல் இருந்தால் மலிட்டாவின் தங்கை கெட்டவள், சேவல் வீட்டுக்குத் திரும்பிவிடும். இல்லை, எனக்கு இன்றைக்குத்தான் என்று சொன்னால், இரண்டு வீட்டுத் தாய்மாமன்களுக்கும் நான்தான் இருமல் கலந்து ஊட்டியிருக்கிறேன். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது "இந்தாங்க" என்றுகூடச் சொல்லாதவள் நான். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"நான் முழுகாம இல்ல. எனக்கு இன்னைக்குதான் மூணாம் நாள். சித்தி அனுப்பின கப் வச்சிருக்கேன், அதனால துணி இல்ல. அது வச்சா ஒண்ணுமே தெரியாது, அவ்ளோ நல்லா இருக்கு, அதனாலதான் மறந்துட்டேன். குழம்புல உப்புப் போட்டது நான்தான்."

யார் கையும் வாய்க்குப் போகவில்லை. எல்லோரும் ஒருவர் தொண்டையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. தினமும் சாப்பிட்டதும் வருகிற இருமல்தான், உங்களுக்குத் தெரியாதா? அவர் அதை விழுங்கினார். அது திரும்பி வந்தது. உதட்டைக் கடித்தார், கன்னம் உப்பியது, கண்ணில் தண்ணீர், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எனக்காக ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் வெடித்தது பாருங்கள், பெட்டைக் கோழி சிமேயோ மாமாவின் கோட்டுக்குள் ஒளிந்தது.

இருமி முடித்து அப்பா எழுந்து நின்றார். "யாரும் என் பொண்ணைப் பாக்க வேண்டாம். இது புகையிலை இருமல். இவ பொறக்கிறதுக்கு முன்னாடியே வந்தது. இவ உப்புப் போட்டாலும் இருமுவேன், உப்புப் போடாட்டாலும் இருமுவேன். என் கல்யாணத்துலயே இருமினேன், வேணும்னா இவங்க அம்மாவைக் கேளுங்க."

"ஆமா, 'சம்மதம்'னு சொல்ல வேண்டிய இடத்துலயும் இருமினார். நான்தான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் அம்மா.

முதலில் சிரித்தது கலுவா மாமா. "கல்லு ஏற்கெனவே உள்ள போயிடுச்சு, இனி கூப்பிட்டா வருமா? உப்பு அளவா இருக்கு. பாதி சாப்பிட்டுப் பயந்து சாகிறதுக்கு முழுசா சாப்பிட்டே சாகலாம், மிச்சக் குழம்பைக் கொண்டாம்மா" என்று தட்டை நீட்டினார். கூடையும் பழைய இடத்துக்கு வந்தது.

அவர் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தார். "வீட்டுப் பின்னாடி வா. அந்தக் கப்பைக் காட்டு." எல்லாப் பெண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள், நாபிரி அத்தை உட்பட. கொதிக்க வைத்துச் சுத்தமாக மூடி வைத்திருந்த சிவப்பையும் கண்ணாடியையும் எடுத்து, எப்படி மடிப்பது, எப்படி எடுப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நான், சித்தி! நின்றுகொண்டு! "இது உள்ள காணாமப் போயிடாதா?" என்று ஒருத்தி கேட்க, "போறதுக்கு உள்ள என்ன சந்தையா இருக்கு?" என்றார் கலுவா மாமாவின் மனைவி. மலிட்டா சிவப்பை மடித்துப் பிடித்தாள். அது அவள் விரலிலிருந்து 'டப்' என்று பறந்து, கோட்டிலிருந்து தப்பி அங்கே வந்து நின்றிருந்த நிச்சயதார்த்தக் கோழியின் தலையில் விழுந்தது. கோழி மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓட, பெண்கள் எல்லோரும் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்த, முன்பக்கம் இருந்த ஆண்கள், பின்னால் என்னதான் சடங்கு நடக்கிறதோ என்று மரியாதையாகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்களாம். கோழி அகப்பட்டது. சேவலும் கோழியும் கை மாறின. மலிட்டாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது!

ஆகவே என் தீர்ப்பு: ஊதா. கண்ணாடி சோம்பேறி, சிவப்பு முரடு. ஊதா வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது, அதுதான் அதன் குணம், அதுதான் அதன் குற்றமும். தையல் வகுப்புக்கு ஊதாவையே வாங்குங்கள். ஆனால் ஒவ்வொருத்தியிடமும் இன்றைக்கு என்ன நாள் என்பதை மறந்துவிடாதே என்று சொல்லிக் கொடுங்கள். நான் இனி உப்பு விஷயத்தில் கவனமாக இருப்பேன், மறக்காமல் நாபிரி அத்தையைக் கூப்பிடுவேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இருமல் வந்தால் அப்பா பாவம் அல்லவா?

உங்கள் கூரை ஒழுகாமலும், உங்கள் அடுப்பு அணையாமலும், உங்கள் மினிபஸ் நடுவழியில் நிற்காமலும் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் வரிசைப்படி என் வணக்கங்கள்.

உங்கள் கீழ்ப்படிந்த மகள்,
தியோங்கே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நாபிரி அத்தை வேலியைத் தாண்டி வந்தார். கரண்டி இல்லாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உன் சித்திக்கு எழுதுறியா? அந்த ஊதா, பிள்ளை பெத்தவங்களுக்குப் பெரிசா வருமாமே, ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்றார். யாருக்கு என்றேன். "எனக்குதான்டி. எனக்கு எங்க நின்னுச்சு? கோழிக் குழம்பு ருசி பாக்கக் கூப்பிடுவாங்களேன்னு நின்னுடுச்சுன்னு சொல்லி வச்சேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல" என்றார். இத்தனை வருடமாக இந்தத் தெரு முழுக்கச் சாப்பிட்டது அந்த உப்பைத்தான், சித்தி! அப்பாவைத் தவிர ஒருத்தரும் இருமவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, எனக்கு நாள் இன்னும் முடியாதபோதே, இன்று மத்தியானக் கீரைக்கு நானே உப்புப் போட்டுவிட்டேன். பெரிய ஊதா ஒன்று அனுப்புங்கள். வந்துவிட்டதா என்று கேட்கப் போன் செய்தால், தயவுசெய்து "கரண்டி கிடைத்ததா" என்று மட்டும் கேளுங்கள்.