சிபிக்கு இல்லாத காய்ச்சல்

காஞ்சிரங்குளம்,
வெள்ளிக்கிழமை

பனச்சமூடு ராஜையா சம்பந்தியார் அவர்களுக்குக் கடற்புறத்து வாலண்டைன் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மகள் ஜிஷாவும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை முடிவில் தனியாக ஒரு வேண்டுதல் சொல்லிவருகிறோம். எங்கள் பக்கத்துச் சுகத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

போனில் கூப்பிட்டால் வெட்டிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை என் மனைவி பிரான்சிஸ்காவின் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் உங்கள் பக்கம் மீன் விற்க வருகிறவன்தான். தாங்கள் வாசித்து முடிக்கிறவரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும், அதில் நான் ஒரு அடிகூடப் பின்னால் வைப்பதாக இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மகன் சிபி உகாண்டாவில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். அங்கிருந்து வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டையைக் காட்ட வேண்டும். ஊசியை அவன் போகும்போதே போட்டுக்கொண்டான், ஆயுளுக்கும் ஒன்று போதுமாம். அட்டையைத்தான் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போட்டுக் கூழாக்கிவிட்டான். மறுபடி ஊசி போட்டு வாங்கிய அட்டையோ பத்து நாள் கழிந்த பிறகுதான் செல்லும். ஜிஷாவோடு கல்யாண நிச்சயத்துக்குப் பிந்திவிடக் கூடாதே என்ற அவசரத்தில் இந்தப் பயல் அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டான். இங்கே இறங்கியதும் பிடித்து, ஆறு நாள் தனியாக இரு என்று உட்கார வைத்துவிட்டார்கள். நிச்சயம் நடக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கொசு புகாத கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் பிரியாணி தின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்குப் போனில் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மஞ்சப்பித்தம் பிடிச்ச பயலுக்கு எம் பிள்ளைய குடுக்க முடியாது ஓய்! நாளைக்கு அவ ஒரே தட்டுல திங்கணும்லா?" என்றீர்கள். சம்பந்தியாரே, மஞ்சப்பித்தம் என்கிற காமாலை வேறு, இந்த மஞ்சள் காய்ச்சல் வேறு. இது கொசு சுமந்து வருகிற வைரஸ். காய்ச்சல்காரனைக் கடித்த கொசு, சில நாள் கழித்து இன்னொருவனைக் கடித்தால்தான் அவனுக்கு வரும். தொட்டால் வராது, தும்மினால் வராது, ஒரே தட்டில் தின்றாலும் வராது. சிலருக்கு மட்டும் முற்றிப்போய் ஈரலைப் பிடித்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகும், அதனால் அந்தப் பெயர். சிபியின் கண்ணை வீடியோவில் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அவனுக்குக் காய்ச்சலே கிடையாது. பிறகு எதற்குக் காவல் என்று கேட்பீர். நம் நாட்டில் அந்தக் காய்ச்சல் இல்லை, ஆனால் அதைச் சுமக்கிற கொசு இருக்கிறது. பட்டப்பகலில் கடிக்கிற, காலில் வெள்ளை வரி போட்ட நம் டெங்குக் கொசுவேதான் அது. அந்த வைரஸ் வந்து இந்தக் கொசுவோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் இத்தனை பாடு. ஆகவே நீர் தள்ளிவைக்க வேண்டியது கொசுவை, என் மகனை அல்ல.

இதை நேரில் விளக்கத்தான் முந்தாநாள் ஒரு முழு நெய்மீனோடு வந்தேன். நீர் சந்தைக்குப் போயிருந்தீர். வீட்டம்மா நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்ததும் கணுக்காலில் நாலு கடி. உம் ரப்பர் தோட்டத்தைப் பார்த்தால், மழைக்குப் பால் வெட்டு நிறுத்திப் போட்ட மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற சிரட்டை தொங்குகிறது, சிரட்டை நிறைய மழைத் தண்ணீர், தண்ணீர் நிறையக் கொசுப்புழு. மறுவீட்டுக்கு என் மகன் வந்து தங்க வேண்டிய இடம் இது! மீனைப் படியில் வைத்தேன், சட்டையைக் கழற்றினேன், முதல் மரத்திலிருந்து சிரட்டைகளைத் தலைகீழாகக் கமத்த ஆரம்பித்தேன். எனக்குக் கடல் தெரியும், ரப்பர் தெரியாது. கீழ்ச்சரிவு மரங்களுக்கு மழை படாமல் பிளாஸ்டிக் கட்டி வெட்டு நடக்கிற விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? அங்கே சிரட்டையில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, தண்ணீர் அழுகியே போய்விட்டது என்று இன்னும் வேகமாகக் கமத்தினேன்.

அப்போதுதான் நீர் வந்து சேர்ந்தீர்.

"என்னவாக்கும் ஓய் செய்யுதீரு? இன்னைக்குக் காலத்த வெட்டின பாலாக்கும் அது! அம்புட்டையும் மண்ணுல கமத்திப் போட்டீரே!"

"பாலு நாளைக்கும் வரும் ஓய். கொசு கடிச்சு எம் பிள்ள விழுந்தா யாரு பதில் சொல்லுகது?"

"ஓஹோ, எம் வீடு கொசுப் பண்ணையா? எறங்கும் ஓய் வெளிய!"

இறங்கினேன். அதற்குள் நெய்மீனை உம் நாய் இழுத்துக்கொண்டு போயிருந்தது. உங்கள் வீட்டில் நம் சம்பந்தம் பிடித்தது அதற்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு மழையில் நடந்தேன். கேட் பக்கத்தில் ஜிஷா குடையோடு ஓடி வந்தாள். "மாமா, அப்பா பறஞ்சத காரியமாக்காதீங்க. எனக்கு சிபி மதி, வேற யாரும் வேண்டாம்" என்று சொல்லிக் குடையை என் கையில் திணித்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பி ஓடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளை என் வீட்டுக்கு மருமகளாக வராமல் போக நான் விடமாட்டேன், கேட்டீரா?

இப்போது எங்கள் சுகம். நேற்றிலிருந்து எனக்கு நல்ல காய்ச்சல். எலும்பெல்லாம் உடைகிறது, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. ரத்தம் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். டெங்கு என்று வந்தால் பழி முழுவதும் உம் சிரட்டைக்கு. என் வீட்டில் வந்து பாரும். சிரட்டை உண்டா, டயர் உண்டா, பூத்தொட்டி உண்டா? ஒரு மூடி தண்ணீர் தேங்கவிட மாட்டேன் நான். சிபி நாளைக்கு வெளியே வருகிறான். அடுத்த ஞாயிறு நிச்சயம் நடக்கும். அதற்குள் வெட்டில்லாத மரத்துச் சிரட்டைகளை நீரே கமத்தும். இல்லையென்றால் எங்கள் கரையிலுள்ள ஆட்களை எல்லாம் வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாறேன். அவர்களுக்கும் ரப்பர் தெரியாது.

வீட்டம்மாவுக்கு வணக்கம், ஜிஷாவுக்கு எங்கள் முத்தம். மாதா உங்கள் வீட்டையும், மரங்களையும், உம் கோபத்தையும் நல்ல வழியில் நடத்தட்டும்.

அசையாத உறுதியுடன்,
உம் சம்பந்தி
வாலண்டைன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டின பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். டெங்குதான். சுகாதாரப் பணியாளர் ஸ்ரீகுமாரி வீட்டுக்கு வந்தாள். உம் தோட்டத்தைப் பற்றி நான் முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, "கடிச்ச மறுநாளே டெங்கு வராது மாமா. நாலஞ்சு நாளாவது ஆகும். இது இங்க உள்ள கொசுவாக்கும்" என்றாள். பிறகு முற்றத்துக்குப் போனாள். அங்கே நான் கடலுக்குப் போன பழைய வள்ளம் கிடக்கிறது. எப்போதும் கமத்தித்தான் போட்டிருப்பேன். கல்யாண வீட்டில் வள்ளம் கமந்து கிடக்கக் கூடாது என்று போன மாதம் நான்தான் ஆள் கூட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, மேலே தார்ப்பாய் கட்டினேன். தார்ப்பாய் நடுவில் தொய்ந்து குளமாகக் கிடக்கிறது. உம் தோட்டம் முழுக்க உள்ள புழு அதில் ஒரு மூலைக்குக் காணாது. பிரான்சிஸ்கா சிரித்த சிரிப்பு உமக்கே கேட்டிருக்கும்.

ஆகையால் மேலே சிரட்டையைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடும். பாலைக் கமத்தினதற்கு மன்னித்துக்கொள்ளும். கல்யாணத்தைப் பற்றிய வரி மட்டும் அப்படியே இருக்கட்டும். நீர் பயப்படாமல் வரலாம். என்னைக் கடித்த கொசு உம்மைக் கடித்துவிடக் கூடாதென்று என்னைக் கொசுவலைக்குள் போட்டிருக்கிறார்கள். ஆயுள் முழுக்க வலை வீசினவன் இப்போது உள்ளே கிடக்கிறேன். தார்ப்பாயைப் பிரான்சிஸ்கா அவிழ்த்துக் கொட்டிவிட்டாள், ஆனால் வள்ளத்தைக் கமத்த நாலு ஆள் வேண்டும், என்னால் எழும்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜிஷாவையும் உம் வெட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வாரும். சிபி ஒரு பக்கம் பிடிப்பான், நீர் மறு பக்கம் பிடியும். மதியத்துக்கு நெய்மீன் உண்டு. நாயை மட்டும் வீட்டில் கட்டிப் போட்டுவிட்டு வாரும்.