தார்ப்பாய்க்குள் இருமியது யார்?

மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதை எப்படி வாசிப்பது என்பதைக் கண்டுபிடித்தது நாமக்கல்லில்தான். கண்டுபிடித்தவர் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியின் தாளாளர் திரு. வெள்ளியங்கிரி அவர்கள். கோழிப்பண்ணையும் அவருடையதே. அறிவு எந்த வாசல் வழியாகவும் வரலாம்.

நான் இயற்பியல் பட்டதாரி. நேர்காணலில் அவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சத்தமாப் பேசுவீங்களாம்மா?"

"இல்லைங்க."

அது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த முதல்வர் அம்மையார் எடுத்துச் சொன்னார்.

"அப்ப வாசிப்புக்குப் போட்டுருங்க. அங்க பேச வேண்டியதில்ல," என்றார் தாளாளர்.

இப்படித்தான் நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான ‘தினசரி வாசிப்பு மற்றும் மொழித்திறன் மேம்பாட்டுப் பிரிவின்’ பொறுப்பாளர் ஆனேன்.

திட்டம் எளிமையானது. விடியும் முன்பே விடுதியின் எல்லா விளக்குகளும் எரியும். வெளிச்ச நேரம் கூடினால் முட்டை கூடும் என்பது பண்ணையில் நிரூபணமான ஒன்று. பிள்ளைகள் எழுந்து ஆளுக்கொரு தாளை வாசிப்பார்கள். தாளில் ஒரு கதையின் துண்டு இருக்கும். கீழே வினாக்கள் இருக்கும். முழுக்கதை கிடையாது. அதற்கான காரணத்தைத் தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் விளக்கினார்.

"கோழிக்கு முழுச் சோளத்தைப் போட்டா என்ன பண்ணும்? புடிச்சதைப் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்தை உட்டுரும். அதனாலதான் அரைச்சுப் போடறோம். கதையும் அப்படித்தானுங்க. முழுசாக் குடுத்தாப் புள்ளைங்க கதையைப் புடிச்சுக்கும், கேள்வியை உட்டுரும்."

கைதட்டினோம். கதைகளை அரைக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. கதை சூடுபிடிக்கும் இடத்தில் நறுக்கிவிட வேண்டும். நூலகத்தில் முழுப் புத்தகங்களும் இருந்தன. கெட்டுப்போகாமல் இருக்க அவற்றைப் பூட்டி வைத்திருந்தோம்.

விளைவு பிரமாதம். பெற்றோர் நாளில் எட்டாம் வகுப்பு சித்தார்த் ஒரு முழுப் பக்கத்தை மூச்சு விடாமல் வாசித்து முடித்தான். என்ன வாசித்தான் என்பது கேட்டவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வாசிப்பில் இவ்வளவு நடுநிலைமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சிக்கல் உணவுக்கூடத்தில் ஆரம்பித்தது.

காலையில் ஆளுக்கொரு அவித்த முட்டை உண்டு. உரித்துத் தின்பது அவரவர் பொறுப்பு. ஒரு நாள் பார்வையிட வந்த தாளாளர் நடுவழியில் நின்றுவிட்டார். ஏழாம் வகுப்பு வரிசையில் யார் தட்டிலும் முட்டை ஓடு இல்லை. ஷாலினி என்ற பெண்ணின் தட்டோரம் மட்டும் ஒரு குவியல். முட்டை விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

விசாரித்தோம். என் தாள்களில் பாதியில் நின்ற கதைகளை அந்தப் பெண் முடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முட்டைக்கு ஒரு முடிவு. தின்ன முடியாததைக் காவலாளியின் நாய்க்குப் போட்டிருக்கிறாள். நாய் மினுமினுப்பாக இருந்தது.

ஷாலினி, நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றுக் கட்டணமில்லாமல் சேர்ந்தவள். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று தீர்மானித்து, ஜலகண்டாபுரத்திலிருந்து அவள் அம்மா சென்னியம்மாளை வரவழைத்தோம். விசைத்தறியில் வேலை செய்பவர். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ஏனுங்க, எம்புள்ள படிக்கறதில்லீங்களா?"

"படிக்குதும்மா. அதுதான் புகாரே," என்றார் முதல்வர்.

"இங்கிருந்து அனுப்பீட்டீங்கன்னா அவங்கப்பன் தறிக்குத்தானுங்க போவச் சொல்லுவாரு. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

குற்றத்தை விளக்குவதற்காகத் தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைய தாளை உரக்க வாசித்தார்.

"‘லாரி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. வழியில் வேறு வண்டி இல்லை. அப்போது, பின்னால் கட்டியிருந்த பச்சைத் தார்ப்பாய்க்குள் யாரோ இருமும் சத்தம் கேட்டது.’ கேள்வி ஒண்ணு. தார்ப்பாயின் நிறம் யாது?"

நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவருக்கு முட்டை லாரிகள் பல உண்டு.

"யாரு இருமுனது?"

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பத்தியில் குறிப்பிடப்படவில்லைங்க," என்றேன். எங்கள் முறைப்படி அதுதான் சரியான விடை.

"குறிப்பிடாட்டி என்னம்மா, ஆளு உள்ள இருக்குதில்ல?" அவர் ஷாலினியிடம் திரும்பினார். "நீ சொல்லு சாமி. யாரது?"

"முட்டை வேணுங்க."

சென்னியம்மாள் மகளின் முதுகில் ஓர் அடி வைத்தார். தாளாளர் கையமர்த்திவிட்டுச் சமையலறைக்கு ஆள் அனுப்பினார். முட்டை வந்தது.

"அது அந்த டிரைவரோட மகளுங்க. ஹாஸ்டல்ல சேத்திருந்தாங்க. அப்பா வண்டி வெளிய நின்னுச்சு. ஏறிப் படுத்துக்கிச்சு."

முதல்வர் அம்மையார் எதையோ தேடுவதுபோல் கைப்பையைத் திறந்து மூடினார்.

"அப்புறம்?" என்றார் தாளாளர்.

"அதுக்கு இன்னொண்ணுங்க."

டி.சி. அந்த இடத்திலேயே ரத்தானது. எங்கள் நிர்வாகத்துக்குத் திறமையை மதிக்கத் தெரியும். இப்பேர்ப்பட்ட உற்பத்தி நாய்க்குப் போவதா? ‘கதை முடிவுப் பயிற்சி’ என்று ஒரு புதுப் பிரிவு தொடங்கினோம். ஷாலினியை மற்றவர்களுக்கு முன்பே எழுப்பி, தனி அறையில், தனி விளக்கின் கீழ் உட்கார வைத்தோம். அன்றைக்குத் தேவையான முடிவுகளை அவள் எழுதித் தர வேண்டும். நான் அவற்றை அ, ஆ, இ, ஈ என்று பிரித்து வினாவாக்குவேன். சரியான முடிவுக்கு ஒரு மதிப்பெண். உணவுக்கூடத்தில் கதை பேசுவது தடை செய்யப்பட்டது.

முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு முடிவுகள் சிறுத்தன. ‘பின்னர் அனைவரும் மகிழ்ச்சியாக இருந்தனர்’ என்றே எழுத ஆரம்பித்தாள். ராஜா, நரி, திருடன், திருடனைப் பிடித்த போலீஸ் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தனர். அப்புறம் வெற்றுத் தாள் வந்தது. தாளாளர் பெரிய பல்பாக மாற்றச் சொன்னார். கூடுதலாக முட்டை கொடுக்கச் சொன்னார். அவள் தொடவில்லை.

"ஏஞ்சாமி, என்னாச்சு?"

"தெரியலீங்க. வரமாட்டேங்குதுங்க."

ரத்தான டி.சி. மறுபடி உயிர்பெற்றது.

அவர்களுடன் கேட் வரை போனேன். சென்னியம்மாள் மகளின் பெட்டியைத் தலையில் வைத்திருந்தார். "உடுங்க மிஸ். தறிக்கு நூல் சுத்தட்டும்," என்று என்னைத் தேற்றினார். எனக்குப் பேச வராது. காலையில் தின்னாமல் எடுத்து வைத்திருந்த என் முட்டையை ஷாலினியிடம் நீட்டினேன்.

"அப்புறம்?"

அவளுக்குக் கேட்டது.

"டிரைவரு வண்டியைத் திருப்பிட்டாருங்க மிஸ்."

"எங்க, ஹாஸ்டலுக்கா?"

அவள் முட்டையைக் கேட் கம்பியில் தட்டி உடைத்தாள்.

"ஊட்டுக்குங்க."

தாளாளரின் விஞ்ஞானத்தின் மீது எனக்குள்ள மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அவர் பண்ணையில் ஒரு கோழி முட்டையிடுவதை நிறுத்தினால் அவர் கோழியைக் குறை சொல்வதில்லை. அன்றைக்கே தீவனத்தைச் சோதனைக்கு அனுப்பிவிடுவார். அந்த மரியாதை கிடைக்க வேண்டுமென்றால், எங்கள் பிள்ளைகள் கோழியாகப் பிறந்திருக்க வேண்டும்.